சட்டி ஊற்றின் கதவு

வடதுருவத்தார் நண்டுக்குழியின் வாயை மூடிய அன்று, தமயந்தி சட்டி ஊற்றின் குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சூடு பார்க்கிறவளுக்கு அதுதான் வேலை. ஊற்றுகள் அடியில் ஒன்றோடொன்று கலந்தவை. ஒன்றின் குழாயில் காது வைத்தால் மற்றவை முணுமுணுப்பதும் கேட்கும். அன்று அந்த முணுமுணுப்பிலிருந்து ஒரு குரல் மட்டும் நின்றுபோனது. எங்கோ குழாய் அடைத்திருக்கும் என்று நினைத்தாள். மகள் இன்பாவின் கணவன் பரசு காலையில்தான் நண்டுக்குழிக்குப் பம்பு பழுது பார்க்கக் கிளம்பினான் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பனிக்குடம் ஒரு சின்ன நிலா. வெளியே கல்லாய் இறுகிய பனி ஓடு, உள்ளே வெளிச்சமே பார்க்காத கடல். ஓட்டின் அடிவயிற்றில் ஏழு இடங்களில் வெந்நீர் பொங்கி, பனியைக் குடைந்து குகைகள் செய்திருந்தது. மனிதர்கள் வாழ முடிந்தது அந்த ஏழு குகைகளில் மட்டும்தான். பழவேற்காட்டு ஏரியைக் கடல் விழுங்கிய பிறகு அங்கிருந்து கப்பலேறிய குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. வந்தவர்கள் ஏரியில் பழகிய வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அங்கே வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டதுபோல இங்கே ஊற்றுகளைப் பிரித்துக்கொண்டார்கள். வருடத்துக்கு ஒரு சீட்டு நாள். பூமியிலிருந்து வந்த ஏழு மர மிதவைகளைப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். எந்த மிதவை கையில் வருகிறதோ அந்த ஊற்றுக்கு அந்த வருடம் குடிபோக வேண்டும். மக்கள் ஆறு கூட்டம், ஊற்று ஏழு. பானையில் மிஞ்சும் ஊற்று அந்த வருடம் ஓய்வெடுக்கும்.

யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. அதனால் பனிக்குடத்தில் யாரும் மூட்டையை முழுதாக அவிழ்ப்பதில்லை.

நண்டுக்குழியின் மூடியை வடதுருவத்தாரே திறந்தார்கள். அதற்குள் ஒன்பது பேர் உறைந்துபோயிருந்தார்கள். பரசு பம்பைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தான். கடைசியாகச் சூடு இருந்தது அதில்தான்.

பேச்சுவார்த்தை நெத்திலி ஊற்றில் நடந்தது. ஆறு கூட்டத்துக்கும் அந்த வருடத் தலைவன் தமயந்தியின் அண்ணன் தேசப்பன். எதிரே வடதுருவத்தாரின் தலைவன் வெரின் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. வடதுருவத்தில் இறங்கிய அவர்களுடைய கப்பலின் உலை அணைந்துகொண்டிருக்கிறது, உள்ளே நானூறு பேர் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் தன் மொழியில் பேசப் பேச, கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்புப் பொறி தமிழில் சொன்னது.

"மிகுந்த மனவருத்தத்துடன் தங்கள் ஊற்றை மூட நேர்ந்தது. மீண்டும் அவ்வாறு நேராது என்று நம்புகிறோம். அந்த ஓர் ஊற்றை எங்களுக்கு அளித்தால், மற்றவற்றின் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டோம்."

"இன்னா அழகா பேசுது பாரு," என்றார்கள் பின்னாலிருந்து. "கொன்னுட்டு வாழ்த்து அட்டை குடுக்குது."

தேசப்பன் தங்கையைச் சுரங்கப் பாதைக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே மூச்சு வெண்மையாகத் தொங்கியது.

"குடுத்துடலாம் தமா."

"குடுத்தா?"

"ஏழுல ஒண்ணு. அடுத்த வருசம் அங்க யாரு இருக்கப்போறாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீயா, நானா? யாரு வூட்டையும் புடுங்கி நாம குடுக்கல."

"ஒம்போது பேரு செத்துக் கெடக்காங்கண்ணா. அதுல ஒருத்தன் உன் மருமகன்."

"அதனாலதாம்மா சொல்றேன். பத்தாவது ஆளு வேணாம்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சும்மாவா குடுக்கறோம்? மெதவையோட குடுக்கறோம். கையில வாங்கிட்டான்னா அவனும் நம்மள்ல ஒரு கூட்டம். அடுத்தவன் மொறையில கை வைக்க மாட்டான். இத்தினி வருசத்துல எவனாவது வச்சிருக்கானா?"

"நம்மாளு வைக்கல."

"வாங்குறவன் நம்மாளு ஆயிடுவான்."

அதை முட்டாள்தனம் என்று ஒதுக்க அவளால் முடியவில்லை. அவர்களுடைய நினைவு எட்டிய தூரம் வரைக்கும், மிதவையை வாங்கிய கை ஒருமுறைகூடக் கல்லைத் தூக்கியதில்லை. திருடினவர்கள் உண்டு, பெண்டாட்டியை அடித்தவர்கள் உண்டு. முறையை மீறியவர்கள் இல்லை. பறவைகள் வலசை போவதைப்போல அது தானாக நடக்கிற காரியம் என்று நம்பிவிட்டார்கள். அவளும்தான்.

"நண்டுக்குழி சனம் எங்க போவும்?"

"ஓய்வு ஊத்துல இருக்கட்டும்."

"ஓய்வு குடுக்கலன்னா சூடு எறங்கும்ணா. எல்லாத்துலயும் எறங்கும்."

"ஒரு வருசந்தான?"

மறுநாள் மிதவையைக் கைமாற்றினார்கள். வெரின் இரண்டு கையாலும் வாங்கினான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு யாரும் எதிர்பாராதபடி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். ஏதோ சொன்னான். "இது மெய்யாகவே மரமா என்று கேட்கிறார்," என்றது பொறி. அவனுடன் வந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தன் அழுதான். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். தேசப்பனின் முகத்தில் ஒரு தகப்பனின் நிம்மதி இருந்தது.

சட்டிக்குத் திரும்பியதும் இன்பா கேட்டாள். "நீயும் தட்டுனியா?"

"நான் தட்டல."

"தட்டாத நின்ன. அதுக்கும் தட்றதுக்கும் இன்னா வித்யாசம்?"

இன்பாவுக்கு அப்போது இரண்டாவது மாதம். பரசுவுக்கு அது தெரிந்திருந்ததா என்று தமயந்தி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் தமயந்தியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாயில் படுப்பாள், எழுந்துபோய்க் குழாயில் காது வைப்பாள், திரும்பி வருவாள். மூட்டையைக் கட்டுவாள், அவிழ்ப்பாள். நண்டுக்குழியின் குரல் திரும்பியிருந்தது, ஆனால் அது வேறு குரல். முன்பு முணுமுணுத்தது இப்போது இளைத்தது. கீழே இன்னும் ஆழமாகத் துளை போடுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

"நாலு பேரு குடிக்கற கொடத்துல நானூறு பேரு வாய வைக்கிறாங்க. வத்திடும்ணா. வத்திட்டா அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"அவங்க மொற. அவங்க பாடு."

"அப்பால நம்ம பாடுன்னு ஆவும்."

"பேசிப் பாக்கலாம். நல்லாத்தான் பேசுறாரு அந்தாளு. போன வாரம் ஒரு பொட்டி மருந்து குடுத்து அனுப்புனாரு, தெரியுமா?"

உண்மைதான். வெரின் மருந்து அனுப்பினான். அவனுடைய ஆட்கள் சுரங்கப் பாதையில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டார்கள். குழந்தைகள் அவர்களிடமிருந்து இரண்டு கெட்ட வார்த்தைகள் கற்றுக்கொண்டன. ஏழு மாதம் யாரும் யாரையும் கொல்லவில்லை. சமாதானம் என்றால் இதுதான் என்று பலரும் சொன்னார்கள். தமயந்திக்கு மட்டும், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவதுபோல இருந்தது.

சட்டி மற்ற ஊற்றுகளைப் போன்றதல்ல. அதன் சூடு ஏறி இறங்காது. பனிக்குடத்தில் பிறந்த குழந்தை முதல் சில வாரங்களைத் தாண்ட வேண்டுமானால் சட்டியில்தான் இருக்க வேண்டும். வேறு இடத்தில் பிறந்தவை தங்கியதே இல்லை. அதனால் அந்த வருடம் யார் குடியிருந்தாலும், மாதம் நெருங்கிய பெண்கள் எல்லா ஊற்றுகளிலிருந்தும் சட்டிக்கு வந்துவிடுவார்கள். இடம் கேட்கிற வழக்கமே கிடையாது. வந்து பாயை விரிப்பார்கள்.

சீட்டு நாள் வந்தபோது அங்கே அப்படி ஆறு பேர் இருந்தார்கள். ஏழாவது இன்பா.

அந்த வருடம் சீட்டு சட்டியிலேயே நடந்தது, பானையைக் குலுக்கும் வேலை தமயந்தியுடையது. கூட்டத்துக்கு ஒருவராக வந்து கையை விட்டு மிதவையை எடுத்தார்கள். கடைசிக்கு முந்தியவனாக வெரின் வந்தான். முறைப்படி தன் மிதவையைப் பானைக்குள் திருப்பிப் போட்டிருந்தான். அதைப் பார்த்து தேசப்பன் தங்கையின் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோலத் தலையசைத்தான். வெரின் எடுத்த மிதவையில் சட்டியின் குறி இருந்தது.

எங்கோ ஒரு பெண் "ஐயோ" என்றாள்.

"நண்டுக்குழிய எப்ப காலி பண்ணுவீங்க?" என்று தேசப்பன் கேட்டான். இன்னும் சிரித்த முகம் மாறவில்லை.

வெரின் பேசினான். இந்த முறை தரையைப் பார்த்துப் பேசினான். "நண்டுக்குழியில் நோயாளிகள் உள்ளனர். அவர்களை நகர்த்த இயலாது," என்றது பொறி. "அந்த ஊற்றின் சூடும் குறைந்துவிட்டது. ஆகவே அதை வைத்துக்கொண்டு, முறைப்படி எங்களுக்கு விழுந்த சட்டி ஊற்றுக்கும் வருகிறோம். இது உங்கள் சட்டம். நீங்களே எங்களுக்கு அளித்த பங்கு."

"ரெண்டு ஊத்தா? அப்போ ஒரு கூட்டத்துக்கு எடமே இல்லியே."

"அதை உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் அவகாசம்."

தேசப்பன் நின்ற இடத்திலேயே கிழவனானான். பிறகு, தமயந்தி பயந்தபடியே, அவன் உதடுகள் கணக்குப் போட ஆரம்பித்தன. "அஞ்சு ஊத்துல ஆறு கூட்டம்... நெருக்கிப் புடிச்சா... கர்ப்பஸ்திரீங்கள மட்டும் விடச் சொல்லி ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம் தமா. நல்ல மனுசன்தான். இத குடுத்துட்டா..."

"இத குடுத்துட்டா?"

"இதோட நிப்பான்."

"அவனே நிக்கணும்னு நெனச்சாலும் நிக்க முடியாதுண்ணா. அவன் கொடம் ஓட்டை. ஊத்த ஊத்தக் கேட்டுக்கினேதான் இருக்கும்."

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற? மூடிய போட்டுக் கொன்னுடுவாம்மா!"

"சட்டிய மூட முடியாது," என்றாள் தமயந்தி. அதை வெரினைப் பார்த்துச் சொன்னாள். பொறி அவனுடைய மொழியில் முணுமுணுத்தது. "இதோட அழுத்தத்துக்கு மூடி போட்டா பனி ஓடே பொளந்துடும். உன் நானூறு பேரும் எங்களோட வெளிய பறப்பாங்க. துப்பாக்கியும் அதே கததான். செவுத்துல ஒரு ஓட்ட போதும். இந்த ஊத்து வேணும்னா எங்கள ஒவ்வொருத்தராத் தூக்கித்தான் வெளிய போடணும்."

வெரின் தன் கையிலிருந்த மிதவையை உயர்த்திக் காட்டினான். "தூக்க வேண்டிய தேவை இல்லை. நீங்கள் சட்டத்தை மதிப்பவர்கள்."

அவனுக்குப் பின்னால் நின்ற ஆட்கள் தலையாட்டினார்கள். அவர்கள் அதை நம்பியிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்களைப் பொறுத்தவரை அவர்கள் கொள்ளையடிக்க வரவில்லை, குடிவர வந்திருக்கிறார்கள்.

தமயந்தி அவன் கையிலிருந்து மிதவையை வாங்கினாள். சரிபார்க்க வாங்குகிறாள் என்று நினைத்து அவன் கொடுத்துவிட்டான். பிறகு அண்ணன் கையிலிருந்ததையும், மற்றவர்கள் கையிலிருந்தவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கிப் பானையில் போட்டாள். மறுபடி குலுக்கப்போகிறாள் போலிருக்கிறது என்று எல்லாரும் பேசாமல் கொடுத்தார்கள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊற்றின் விளிம்புக்குப் போனாள். கீழே வெள்ளையாகப் பொங்கியது. கவிழ்த்தாள்.

மிதப்பதற்கென்றே செதுக்கிய கட்டைகள். கொதிப்பின் மேல் ஒரு நொடி ஆடிவிட்டு, சுழலில் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"தமா!" என்று தேசப்பன் கத்தினான். பனிக்குடத்தில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளை விழுந்ததுபோல விளிம்புக்கு ஓடினான். இரண்டு பேர் அவனைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"சீட்டு இல்ல," என்றாள் தமயந்தி. "மொறயும் இல்ல. நாங்க இங்க இருக்கோம், இங்கயே இருக்கப்போறோம். இது இனிமே எங்க எடம். சட்டத்தக் காட்டி வந்தல்ல? இப்ப காட்டு."

ஏழு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். முதலில் உட்கார்ந்தவள் இன்பா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரு வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி சட்டிக்காரர்கள் கையோடு கை கோத்தார்கள்.

வெரின் தன் ஆட்களுக்கு ஏதோ கட்டளையிட்டான். யாரும் நகரவில்லை. மரத்தைத் தொட்டு அழுத அந்த ஆள் அவனிடம் ஏதோ கேட்டான், மறுபடியும் கேட்டான். கடைசியில் அவர்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

மூன்று நாள் கழிந்தது. முப்பது நாள் கழிந்தது. அவர்கள் வரவில்லை. நண்டுக்குழியில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் உலையை எப்படியோ ஒட்டவைத்து வடதுருவத்துக்கே போய்விட்டார்கள் என்று பிறகு செய்தி வந்தது. இன்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தமயந்தியின் பெயரைச் சொல்லி மற்ற ஊற்றுகளிலும் உற்சாகமாகக் கத்தினார்கள். இனி ஒரு அடிகூடக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அவரவர் ஊற்றில் அவரவர் உட்கார்ந்தார்கள். முதல் முறையாகப் பனிக்குடத்தில் எல்லாரும் மூட்டையை முழுதாக அவிழ்த்தார்கள்.

சட்டிக்கு ஒரு கதவு வேண்டும் என்று முடிவானது. வடதுருவத்தார் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். தமயந்திதான் செய்துகொடுத்தாள்.

சீட்டு நின்றதால் ஓய்வு இல்லாமல் போன ஊற்றுகள் இளைத்துக்கொண்டே வந்தன. இரண்டு வருடத்தில் நெத்திலியின் குரல் குழாயில் கேட்பதே அரிதானது. சட்டியும் இறங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக. அதை அவள்தான் சட்டிக்காரர்களுக்குச் சொன்னாள். சொன்னபோது எல்லாரும் அவளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்கள்.

தேசப்பன் தன் மகள் கற்பகத்தோடு வந்து நின்றது அப்போதுதான். அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. கதவின் சின்ன சாளரம் வழியாகக் காவலுக்கு நின்ற இன்பா பேசினாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.

"எடமில்ல மாமா."

"எடம் இல்லியா? ஒரு பாயிம்மா. ஒண்ணே ஒண்ணு. மூணு வாரத்துக்கு."

"ஒண்ணே ஒண்ணுன்னுதான் மாமா அன்னிக்கும் ஆரம்பிச்சது."

தேசப்பன் கதவில் கையை ஊன்றிக்கொண்டான். தலையெல்லாம் நரைத்திருந்தது. "கொன்னவனுக்குக் குடுக்கறப்போ நான் யோசிக்கல. தப்புதான், ஒத்துக்கறேன். என் பொண்ணுக்கு நீ யோசிக்கிறியே இன்பா? நீயும் அவளும் ஒரே தட்டுல சாப்டீங்க."

"அவளுக்குத் தொறந்தா நெத்திலி மொத்தமும் வரும். அப்பால மத்த ஊத்து. எங்க நிறுத்தறது? நீயே சொல்லு. அன்னிக்கு உனக்குத் தெரியல, இன்னிக்கு எனக்குத் தெரியுது."

தமயந்தி அவளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுடையது. அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இன்பாவின் கண்ணில் பரசு உறைந்து கிடந்தான்.

"என் பாயில படுக்கட்டும்," என்றாள்.

"எம்மா, சூடு எறங்கிக்கினே இருக்குன்னு நீதான..."

"ஒரு ஆளும் கூடல. அவ உள்ள வரட்டும், நான் வெளிய போறேன். உன் கணக்குல ஒண்ணுக்கு ஒண்ணு."

இன்பா அவளைப் பார்த்தாள். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ தோளைக் குலுக்கினார்கள். கதவு திறந்தது, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு. கற்பகம் உள்ளே வரும்போது "அத்தை" என்றாள். தமயந்தி குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். பேத்தி கையை நீட்டியது.

"எப்ப வருவ?" என்று இன்பா கேட்டாள். குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கற்பகம் பெத்துப் பொழச்சதும்."

சுரங்கப் பாதையில் குளிர் காலணியைத் துளைத்தது. தேசப்பன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயதில் வீடு மாறும்போது பிடிப்பதுபோல.

"திரும்பி வந்தா தொறப்பாங்களா தமா?"

"அவ என் பொண்ணுண்ணா."

பின்னால் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. தமயந்தி நடந்துகொண்டே காதைத் தீட்டினாள்; பழக்கம். அந்தக் கதவுக்கு அவள் வைத்தது ஒரே ஒரு தாழ்ப்பாள். கொஞ்சம் பொறுத்து இரண்டாவதும் விழுந்தது.